காயல் நடுவே ஒரு விளக்கு

கேரள நாட்டின் நீர்நிலைகளுள் தலைமையானது வேம்பநாட்டுக் காயல். ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கும் இதனை, இந்தியாவிலேயே மிக நீளமான ஏரி என்பர். பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில், மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகள் இதில் வந்து கலக்கின்றன. உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் பட்டியலில் இக்காயல் 2002-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

காயலின் தென்புறம் குட்டநாடு. கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் விந்தையை இங்கே காணலாம். நீரில் வரம்பு எழுப்பி, உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இறைத்து, அந்த நிலத்தில் நாற்று வளர்க்கிறார்கள். வாய்க்காலில் செல்லும் படகில் அமர்ந்து பார்த்தால் வயல் நமக்குக் கீழே தெரியும்! காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. இவ்வேளாண் முறையின் பெருமையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் ஏற்றுப் போற்றியது.

சென்ற தை மாதத்தில், எர்ணாகுளத்தில் வாழும் எங்கள் சங்கக் குடும்பங்கள் மூன்று, மொத்தம் ஒன்பது பேர், இந்நாட்டை ஓர் இரவும் ஒரு பகலும் படகிலிருந்தே கண்டுவரப் புறப்பட்டோம். ரயிலில் ஆலப்புழைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து புன்னமடைத் துறை அருகில்தான். பண்டித நேருவின் பெயரால் ஆண்டுதோறும் பாம்புப் படகுப் போட்டி நடைபெறுவது இந்தப் புன்னமடைக் காயலில்தான்.

கட்டினால் ஆன படகு

எங்களுக்கு வாய்த்த படகு பழைய கெட்டுவள்ளம். 'கெட்டு' என்றால் கட்டு. 'வள்ளம்' என்றால் படகு. ஆணி அடிக்காமல், அயனிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் இறுகத் தைத்துக் கட்டுவது இதன் சிறப்பு. முன்னாளில் குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கொச்சிக்குச் சுமந்து சென்றவை இவை. லாரிகள் பெருகியதும் சுமைத் தொழில் நலிந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இவற்றின்மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, அறைகள் அமைத்து, விருந்தினர் தங்கும் வீடுகளாக்கினார்கள்.

பெரிய படகுகளில் டீசல் ஜெனரேட்டர் இரவு முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். அந்த ஓசையும் புகையும் வேண்டாமென்று, குளிர்சாதன வசதியில்லாத மூன்று அறைப் படகை வேண்டிப் பெற்றோம். அதன் கூரைமேல் 330 வாட் வீதம் நான்கு சூரியத் தகடுகள். பின்புறப் பலகையின் அடியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரிகள் நான்கு. அவற்றை இரண்டிரண்டாகத் தொடுத்து 24 வோல்ட்டாக்கியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு தடித்த கம்பி இன்வெர்ட்டருக்குச் செல்கிறது. வீட்டு மின்சாரம் போன்ற 230 வோல்ட் மின்சாரத்தை இன்வெர்ட்டர் ஆக்கித் தருகிறது. விளக்குகள், நான்கு விசிறிகள், சிறிய குளிர்பதனப் பெட்டி, எல்லாம் அதன் தயவில்தான். கரையிலிருந்து ஒரு கம்பியும் வராது.

மாலை ஐந்தரை மணிக்குப் படகைக் கட்டிவிட்டார்கள். அதன்பின் காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரிக்கும் நேரத்தில் விருந்தினர் படகுகள் ஓடலாகாது. ஒரு வயல் வரம்பின் ஓரத்தில், தென்னைகளுக்கு நடுவே நின்றோம். அருகில் வேறிரண்டு படகுகள். சாலை என்று ஒன்றைக் காண வேண்டுமானால் சிறு தோணியில் முக்கால் மணி நேரம் போக வேண்டும்.

விளக்கு மங்கியது

இரவு ஏழரை மணி இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் முனகிக்கொண்டு கிளம்பியது. உடனே விளக்குகள் மங்கின. இன்வெர்ட்டர் 'கீக் கீக்' என்று கத்தியது. பிறகு எங்கும் இருள். சற்று நேரத்தில் வெளிச்சம் தானே வந்தது, மீண்டும் போயிற்று. இவ்வாறு மூன்று முறை.

குழந்தைகளுக்கு அது வேடிக்கை. ஆனால் எங்களுடன் வந்த அம்மையார் ஒருவருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உண்டு. மூக்கில் பொருத்திக்கொள்ளும் சிறு இயந்திரம் ஒன்றின் துணையோடுதான் அவர் உறங்குவது வழக்கம். அவர் யாருக்கும் தொல்லை தர விரும்பாதவர். "ஒரு ராத்திரிதானே! உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துகொள்கிறேன். குழந்தைகள் ஆசையாக வந்திருக்கிறார்கள், யாரும் கிளம்ப வேண்டாம்" என்றார். அவருடைய மகனோ அந்த இருட்டிலேயே தோணி பிடித்துக் கரைக்குப் போய்விடலாம் என்று துடித்தார்.

படகோட்டியான இளைஞரின் முகம் வாடியிருந்தது. படகு அவருடைய தமையனுடையது. வங்கிக் கடனில் வாங்கியது. பத்து நாட்களாகவே இந்தத் தொல்லை இருந்ததாம். பாட்டரி விற்பவர் ஒருவர் வந்து பார்த்து, "நான்கும் செத்துவிட்டன, புதிதாகப் போடுங்கள்" என்று சொல்லிச் சென்றாராம். நான்கும் வாங்கிப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. புதிது வாங்க அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டும். "இரவில் நீ கவனியாமல் விட்டதால்தான் கெட்டது" என்று தமையன் தம்பியைக் கடிந்துகொண்டதாகவும் தெரிந்தது.

எங்களுள் ஒருவர் தென்னக ரயில்வேயில் பெட்டி விளக்குப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊர் திருச்சி பொன்மலை. அவர் காலத்துப் பெட்டிகளில் விளக்கும் விசிறியும் 110 வோல்ட் பாட்டரியில் இயங்கின. வண்டி ஓடும்போது அச்சோடு பிணைந்த ஆல்டர்னேட்டர் பாட்டரியை ஏற்றும். நிற்கும்போது பாட்டரியே விளக்கை எரிக்கும். "ரயில் பெட்டியும் ஒரு படகுதான், தம்பி. உன் பெட்டியில் மீட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார் அவர்.

"உண்டு சாரே, பழையது" என்று இளைஞர் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார்.

இதற்குள் எங்களுள் ஒருவர் மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு பின்புறம் வந்துவிட்டார். பெரியவர் கையமர்த்தித் தடுத்தார். பாட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அடைத்த இடத்தில் அது தேங்கினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். பலகையைத் திறந்து காற்றாட விட்டு, டார்ச்சு வெளிச்சத்தில்தான் வேலை தொடங்கிற்று. பெரியவர் தம் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே உலோகம் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும் என்றார்.

பழுதைத் தேடிய வழி

முதலில் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டரியாக அளந்தார். 12.6, 12.6, 12.5, 12.6. "ஓய்ந்திருக்கும்போது 12.6-க்கு மேல் காட்டினால் ஏறத்தாழ நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் ஏறக்குறையக் காலி. பகலெல்லாம் நல்ல வெயில் இருந்தது, தகடுகள் தம் வேலையைச் செய்திருக்கின்றன" என்றார்.

"அப்படியானால் பாட்டரி நன்றாக இருக்கிறதா?" என்று இளைஞர் ஆவலோடு கேட்டார்.

"அவசரப்படாதே. சும்மா நிற்கிற மாடு நல்ல மாடாகத்தான் தெரியும். பாரம் ஏற்றினால்தான் தெம்பு தெரியும்."

விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஏறக்குறைய 500 வாட் சுமை. பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். 24.6 வோல்ட். சுமையோடும் தளரவில்லை! பாட்டரி செத்திருந்தால் இங்கேயே எண் சரிந்திருக்கும். அடுத்து மீட்டரை இன்வெர்ட்டரின் முனைகளுக்குக் கொண்டுபோனார். அங்கே 21.3.

புறப்பட்ட இடத்தில் 24.6, போய்ச் சேர்ந்த இடத்தில் 21.3. இடையிலே மூன்றுக்கு மேற்பட்ட வோல்ட் எங்கோ தொலைகிறது. 21 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாட்டரியைக் காப்பதற்காக அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். குளிர்பதனப் பெட்டி கிளம்பும் கணத்தில் அதிக மின்சாரம் இழுக்கிறது, வோல்ட் இன்னும் தாழ்கிறது, உடனே இருள். காரணம் பாட்டரியில் இல்லை, வழியில் இருந்தது.

வழியில் எங்கே? எங்களைக் கவர்ந்தது இதைக் கண்டறிந்த முறைதான். கம்பியை அறுக்காமல், எதையும் கழற்றாமல், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இணைப்பின் இருபுறத்திலும் மீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்தார். நல்ல இணைப்பானால் மீட்டர் ஏறத்தாழச் சுழி காட்ட வேண்டும். பாட்டரி முனைக்கும் அதைக் கவ்விய வளையத்திற்கும் இடையே 0.03. இரு பாட்டரிகளை இணைக்கும் பட்டையில் 0.02. ஃப்யூஸில் 0.05. எல்லாம் நலம். ஃப்யூஸைத் தாண்டி, தரைப் பலகையோரம் இருந்த பெரிய ஸ்விட்சில் வந்து சேரும் கம்பியின் முனையில் வைத்தார். 2.9!

"இதோ திருடன்" என்றார் பெரியவர்.

அந்த முனையைச் சுற்றிக் கறுப்பு நாடா அழகாகச் சுற்றியிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு வீசியது. 24 ஆம்பியர் மின்சாரம் ஓடும்போது 2.9 வோல்ட் தொலைந்தால், பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 70 வாட் சக்தி அந்த ஒரு முனையிலேயே வெப்பமாக மாறுகிறது. கயிற்றாலும் பாயாலும் மரத்தாலும் ஆன படகின் அடியிலே, ஒருவர் கண்ணுக்கும் படாமல்! அறுபதாயிரம் ரூபாய்க்குப் புதுப் பாட்டரிகள் வாங்கிப் போட்டிருந்தாலும் இந்தச் சூடு இருந்தே தீரும். நாங்கள் ஒன்பது பேரும், இனிமேல் அதில் ஏறுவோரும், அதன்மேலேதான் உறங்கியிருப்போம்.

பழுது நீங்கியது

எல்லாச் சுமையையும் அணைத்து, இன்வெர்ட்டரை நிறுத்தி, பெரிய ஸ்விட்சையும் திறந்தார்கள். பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றினார்கள். மீண்டும் பூட்டும்போது அதுவே கடைசி. நாடாவைப் பிரித்தபோது உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாயிருந்தன. அடித்தளத்து ஈரம் நாடாவுக்குள் புகுந்து, வெளியேற வழியின்றி, மாதக்கணக்கில் செம்பைத் தின்றிருக்கிறது. காயல் நீர் வடக்கே உவர்ப்பானது. கோடையில் உப்பு நீர் தெற்கே ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். "ஆனால் செம்பு அரிக்க உப்பு வேண்டுமென்பதில்லை. ஈரமும் காற்றும் போதும், உப்பு இருந்தால் விரைவாக அரிக்கும், அவ்வளவுதான்" என்றார் பெரியவர்.

பளபளக்கும் செம்பு தெரியும் வரை கம்பியை இரண்டு விரற்கடை வெட்டினார்கள். படகின் கருவிப் பெட்டியில் புதிய வளையம் ஒன்று இருந்தது. அதைக் கம்பியோடு நசுக்கி இறுக்கும் இடுக்கி இல்லை. இளைஞர் இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் தோணியில் இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலை முடியும் வரை தாமே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளையத்தை இறுக்கி, மேலே ஈரம் புகாத உறை போட்டு, வாசலின் தடவிப் பூட்டினார்கள்.

மறுபடியும் முழுச் சுமை. பாட்டரியில் 24.6, இன்வெர்ட்டரில் 24.2. குளிர்பதனப் பெட்டி கிளம்பியது. விளக்கு இமைக்கவில்லை. குழந்தைகள் கைதட்டினார்கள். அம்மையாரின் இயந்திரம் விடியும் வரை மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இளைஞர் முதற்காரியமாகத் தமையனுக்குத் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய நடை வேறாயிருந்தது.

மறுநாட் காலைப் பாடம்

விடியற்காலையில் படகு மீண்டும் நகர்ந்தது. கரையோர வீடுகளில் பெண்கள் படித்துறையில் பாத்திரம் துலக்கினார்கள். வாத்துக் கூட்டம் ஒன்றைத் தோணியில் சென்றவர் துடுப்பால் ஓட்டிக்கொண்டு போனார். தேநீர் அருந்தியபடி, வேறு பழுதுகளையும் கண்டறியும் வழிகளைப் பெரியவர் இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவற்றைக் குறித்துக்கொண்டோம்.

உண்மையிலேயே பாட்டரி தளர்ந்திருந்தால், சுமை ஏற்றியதும் அதன் முனைகளிலேயே வோல்ட் சரியும். நான்கில் ஒன்று மட்டும் சரிந்தால் அந்த ஒன்றே குற்றவாளி. நீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் சோதிக்கலாம். ஐந்து ஒத்திருந்து ஒன்று மட்டும் 0.05 அளவு குறைந்து நின்றால் அந்த அறை கெட்டது. காய்ச்சி வடித்த நீரையன்றி வேறு நீர் ஊற்றலாகாது.

பகலில் ஏறவில்லையென்றால் கூரையைப் பார்க்க வேண்டும். தென்னங்கீற்றின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் விளைவு பெரிது. நிழல் பட்ட பங்குக்கு மட்டும் குறைவதில்லை, அதற்கும் மேலாகக் குறையும். பறவைகளின் எச்சமும் அப்படியே. குட்டநாட்டில் படகைக் கட்டும் இடத்தைத் தேர்வதும் மின்சார வேலைதான்!

மாலையில் நிறைந்திருந்த பாட்டரி, ஒன்றும் எரியாமலே காலையில் தாழ்ந்திருந்தால், எங்கோ ஒரு கசிவு உண்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்பியைச் சுற்றிக் கவ்வும் மீட்டரால் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டே வந்தால், எதை எடுக்கும்போது ஓட்டம் நிற்கிறதோ அந்தக் கிளையில் பழுது. படகுகளில் அது பெரும்பாலும் அடித்தளத்து நீரை இறைக்கும் மோட்டார். அதன் மிதவை சிக்கிக்கொண்டால் நீரில்லாமலும் இறைத்துக்கொண்டே இருக்கும்.

இன்வெர்ட்டருக்கு அப்பால் உள்ள 230 வோல்ட் பகுதியில் மட்டும் ஈரக் கையும் அரை அறிவும் கூடா. அங்கே தேர்ந்த மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சூரியன் ஓட்டும் தோணி

நண்பகலில் புன்னமடையில் இறங்கினோம். எர்ணாகுளம் திரும்பும் வழியில், சேர்த்தலைக்கு அருகிலுள்ள தவணக்கடவுக்குச் சென்று, அங்கிருந்து காயலைக் கடந்து வைக்கம் போவதென்று முன்னமே முடிவு செய்திருந்தோம். தமிழர் எவரும் காண வேண்டிய ஊர் அது. கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நடந்த அறப்போரில் தந்தை பெரியார் பங்கேற்று இருமுறை சிறை புகுந்தார். அவருடைய நினைவகம் புதுப்பிக்கப்பெற்று, 2024 டிசம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் கூடித் திறந்துவைத்தார்கள்.

நாங்கள் கடந்து சென்றது 'ஆதித்யா' என்னும் படகில். கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் ஓடவிட்ட இது, சூரிய ஒளியால் இயங்கும் இந்தியாவின் முதற் பயணிகள் படகு. எழுபத்தைந்து பேர் அமரலாம். கூரைமேல் 20 கிலோவாட் தகடுகள். உள்ளே 50 கிலோவாட்-மணி கொள்ளும் லித்தியம் பாட்டரி. அக்கரை சேரக் கால் மணி நேரம். புகையில்லை, அதிர்வில்லை, பக்கத்திலிருப்பவரோடு மெல்லப் பேசலாம். பெரியவர் கம்பிகள் செல்லும் வழியையே பார்த்துக்கொண்டு வந்தார். "அளவுதான் பெரிது, பாடம் அதேதான்" என்றார்.

படகு வீட்டில் தங்கச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். பாட்டரி எங்கே இருக்கிறது, காற்றோட்டம் உண்டா, தீயணைப்பான் எங்கே, இருளில் கைக்கெட்டும் டார்ச்சு உண்டா என்று ஏறியவுடன் கேளுங்கள். மிதவைச் சட்டைகளை எண்ணிப் பாருங்கள். மருத்துவ இயந்திரம் கொண்டுசெல்வோர் அதற்கெனத் தனிப் பாட்டரியும் எடுத்துச் செல்வது நலம்.

படகில் ஏறாத அன்பர்களுக்கும் ஒன்று. பம்பாயிலோ தில்லியிலோ நாகபுரியிலோ, நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்கிறது. விளக்கு மங்குகிறது, பாட்டரி நிற்கவில்லை என்றால், "புதிது போடுங்கள்" என்பவரிடம் உடனே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம். வரும் பணியாளரிடம் மூன்று அளவுகளைக் கேளுங்கள்: ஓய்வில் பாட்டரியில் எவ்வளவு, சுமையோடு பாட்டரியில் எவ்வளவு, அதே சுமையோடு இன்வெர்ட்டர் முனையில் எவ்வளவு. மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு முடிவு செய்யலாம்.